சுண்டெலிக் குட்டியில் காமா போய் எப்சிலான் வருவதை எதால் அளப்பது?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வரும் பி.ஜி. மாணவி ஒருத்தி போன மாதம் என்னிடம் கேட்டாள். "அக்கா, தீசிஸுக்கு நரம்பு-தசைச் சந்தியில ஏற்பி மாறுறதை எடுத்திருக்கேன். ஆர்என்ஏ எடுத்தா போதும்னு சிலர் சொல்றாங்க, பேட்ச் கிளாம்ப் இல்லாம கிட்டயே போகாதேன்னு சிலர் சொல்றாங்க. நான் எதைப் பிடிக்கிறது?" சந்தி என்பது நரம்பு நுனி தசையைத் தொடும் இடம், பேட்ச் கிளாம்ப் என்பது கண்ணாடி நுனியால் சேனலின் மின்னோட்டத்தைப் பதியும் முறை. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அவளுக்கு ஒன்றரை வருஷம்தான் கையில் இருக்கிறது, விலங்கு நெறிக்குழுவிடம் ஒருமுறைதான் எண்ணிக்கை கேட்க முடியும், தப்பான வழியில் இறங்கிவிட்டால் திரும்பி வர நேரமிருக்காது. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மாறுவது எது என்பதில் தெளிவு இல்லாமல் அளக்கும் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது, அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். நரம்பு நுனி பொட்டலம் பொட்டலமாக விடும் அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருளைப் பிடிக்கிற ஏற்பி, தசைநாரின் (ஒற்றைத் தசை இழையின்) சவ்வில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கும், அயனிகள் போகும் ஒரு சேனல். ஆல்ஃபா இரண்டு, பீட்டா ஒன்று, டெல்டா ஒன்று. மிச்சமிருக்கும் ஓர் இடத்தில் கருவிலும் பிறந்த புதிதிலும் காமா உட்கார்ந்திருக்கும், வளர்ந்த விலங்கில் எப்சிலான் உட்கார்ந்திருக்கும். ஐந்தில் ஒன்றுதான் மாறுகிறது, ஆனால் சேனலின் குணமே மாறிவிடுகிறது. காமா இருக்கும் சேனலின் கடத்துதிறன் சுமார் 40 பிகோசீமென்ஸ், எப்சிலான் இருந்தால் சுமார் 60. துளை பெரிதாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காமா சேனல் ஒருமுறை திறந்தால் லேசில் மூடாது, அறை வெப்பத்தில் ஐந்தாறு மில்லிநொடி திறந்தபடி நிற்கும். எப்சிலான் சேனல் ஒன்றிரண்டு மில்லிநொடியில் மூடிவிடும்.

இதைக் கையால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், மனதில் நிற்கும். தசைநாரின் உள்ளே மைனஸ் 80 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால், காமா சேனல் வழியாக ஓடுவது 3.2 பிகோஆம்பியர், எப்சிலான் வழியாக 4.8. காமாவுக்கு 6 மில்லிநொடியும் எப்சிலானுக்கு 1.5 மில்லிநொடியும் கொடுத்தால், ஒரு திறப்பில் காமா உள்ளே விடுவது ஏறத்தாழ 1,20,000 அயனிகள், எப்சிலான் விடுவது 45,000. சின்னத் துளைதான் அதிகம் விடுகிறது, ஏனென்றால் அது அதிக நேரம் திறந்திருக்கிறது. குட்டியின் நரம்பு நுனி இன்னும் பழகாதது, கொஞ்சமாகத்தான் விடும். ஆனால் குட்டியின் தசைநார் மெல்லியது, மின்தடை அதிகம், அந்தக் கொஞ்சத்திலேயே மின்னழுத்தம் நன்றாக எழும். அதோடு இந்த நீண்ட திறப்பும் சேர்ந்துகொண்டால் ஒரே ஒரு பொட்டலம் அசிட்டைல்கோலின் தசையைத் துடிக்க வைக்கப் போதும். வளரும் பெரிய எலித் தசையில் இதை 1988-இல் காட்டினார்கள், கருவகை ஏற்பி இருப்பதால்தான் தானாக வரும் அந்தத் துடிப்பு உறுதியாகிறது என்று. எனக்கு இந்தத் துறையில் ஒட்டுதல் வந்ததே அந்த முடிவைப் படித்தபோதுதான். நடக்கத் தெரியாத, கண் திறக்காத குட்டியின் தசை இந்தச் சின்னத் துளைகளை வைத்துக்கொண்டு தன்னைத்தானே பயிற்றுவிக்கிறது.

இந்த மாற்றம் தெரிய வந்த வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளக்கும் வழிகள் எல்லாமே அதில் இருக்கின்றன. காட்ஸும் மிலேடியும் 1970-களின் தொடக்கத்தில், தசையில் அசிட்டைல்கோலின் பட்டதும் எழும் மின் இரைச்சலிலிருந்து ஒரு சேனல் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். நேயரும் சாக்மனும் 1976-இல் தனியொரு சேனலின் மின்னோட்டத்தையே நேராகப் பதிவு செய்தார்கள், நரம்பு வெட்டிய தவளைத் தசையில். 1978-இல் சாக்மனும் பிரென்னரும், பெரிய எலியின் சந்தியில் வளர்ச்சியோடு திறப்பு நேரம் குறைகிறது என்று காட்டினார்கள். காரணம் தெரிய 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூமாவின் கியோட்டோக் குழு சாக்மன் குழுவோடு சேர்ந்து, மாட்டின் துண்டுகளுக்கான ஆர்என்ஏவைத் தவளை முட்டையில் ஊசி போட்டுப் பார்த்தது. காமா கலந்த சேனல் கன்றின் கருத்தசையில் இருப்பதைப் போலவும், எப்சிலான் கலந்தது வளர்ந்த தசையில் இருப்பதைப் போலவும் நடந்துகொண்டது. முதலில் கேட்டது சேனல் திறந்திருக்கும் காலத்தை, மரபணு பிறகுதான் வந்தது. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது, கடைசியில் நான் எடுக்கும் முடிவுக்கும் இதுவே அடிப்படை.

சுண்டெலியை ஏன் எடுக்கிறோம் என்றால், மனிதக் குழந்தையில் இந்த மாற்றம் தாயின் வயிற்றிலேயே, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. சுண்டெலியிலோ பிறந்த பிறகு முதல் இரண்டு வாரத்தில் நடக்கிறது, நம் கண்முன்னே. இன்னொரு வேறுபாடும் உண்டு. எப்சிலான் மரபணுவை நீக்கிய சுண்டெலி பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், காமா தாங்குகிறது. பிறகு தசை தளர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் இறந்துவிடும். மனிதரில் எப்சிலான் கெட்டுப்போனவர்கள் பிறவித் தசைத்தளர்ச்சியோடு இருந்தாலும் வாழ்கிறார்கள், காமா கொஞ்சம் விட்டுப்போகாமல் இருப்பதால். சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது என்று தீசிஸின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் கேட்பார்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஆர்என்ஏ எடுப்பது எல்லோரும் முதலில் சொல்வது. கொரோனாவுக்குப் பிறகு ஆர்டி-பிசிஆர் மெஷின் இல்லாத கல்லூரி குறைவு, கற்றுக்கொடுக்க ஆள் உண்டு, ஒரு மாதத்தில் கை பழகிவிடும். காமா ஆர்என்ஏ முதல் வாரத்தில் இறங்குவதும் எப்சிலான் ஏறுவதும் அழகான இரண்டு கோடாக வரும். அதில் ஒளிந்திருக்கும் சிக்கல் இரண்டு. காமா ஆர்என்ஏ தசைநாரின் நீளம் முழுக்க உள்ள உட்கருக்களில் உருவாகிறது. எப்சிலானோ சந்திக்கு நேர் கீழே இருக்கும் சில உட்கருக்களில் மட்டும். முழுத் தசையையும் அரைத்து எடுத்தால் எப்சிலான் நீர்த்துப் போய்விடும், தசை பருமனாகும்போது இன்னும் நீர்க்கும், வயதுக்கு வயது ஒப்பிடுவதே தவறாகிவிடும். இரண்டாவது இன்னும் அடிப்படையானது. ஆர்என்ஏ போய்விட்டது என்பதால் சவ்வில் ஏற்கெனவே இருக்கும் சேனல் போய்விடாது. பழைய காமா சேனல்கள் அகற்றப்பட்டுப் புதியவை வந்து இடம் பிடிக்க நாள் ஆகும். ஆக ஆர்என்ஏ சொல்வது உத்தரவு மாறிய நாள். வேலை மாறிய நாளை அது சொல்லாது.

அப்புறம் மின்சாரம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது இங்கே கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி நின்றுபோய், எட்டு மாதம் சேர்த்த மாதிரிகள் ஒரே ராத்திரியில் போயின. ஜெனரேட்டர் இருந்தது, தண்ணீர் ஏறிய இடத்தில் இருந்தது. இந்தக் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உறையவைத்த மாதிரியை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது என்பதை. முடிந்தால் எடுத்த வாரத்திலேயே சிடிஎன்ஏவாக (ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்த டிஎன்ஏவாக) மாற்றிவிடுங்கள்.

சாயம் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. கட்டுவிரியன் இனத்து விஷமான ஆல்ஃபா-புங்காரோடாக்சினில் ஒளிரும் சாயம் கோத்துத் தசையில் போட்டால், ஏற்பிகள் கூடி நிற்கும் இடம் அப்படியே ஒளிரும். பிறந்த குட்டியில் வட்டமான ஒரு திட்டு, பிறகு அதில் ஓட்டைகள், மூன்றாம் வாரத்துக்குள் முறுக்குப் பிழிந்தது போலக் கிளைத்த வடிவம். பார்க்க அவ்வளவு அழகு, இதை ஒரு தடவையாவது பார்க்காமல் இந்தத் துறையை விட்டுப் போகக்கூடாது. ஆனால் புங்காரோடாக்சின் ஒட்டுவது ஆல்ஃபா துண்டில். ஆல்ஃபா இரண்டு வகையிலும் உண்டு. அதனால் வடிவம் மாறுவது தெரியும், காமா போய் எப்சிலான் வந்தது தெரியாது. வடிவ மாற்றமும் துண்டு மாற்றமும் ஒரே இரண்டு மூன்று வாரத்துக்குள் நடப்பதால் இரண்டையும் ஒன்றென்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. அதே காலத்தில் ஒரு சந்திக்கு வரும் பல நரம்புகளில் ஒன்றைத் தவிர மற்றவை விலகுவதும் நடக்கிறது. மூன்று நிகழ்வும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன என்பதற்காக ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. காமாவுக்கும் எப்சிலானுக்கும் தனித்தனி ஆன்டிபாடி போடலாமே என்றால், சுண்டெலித் திசுவில் நம்பிக்கையாக வேலை செய்வதைத் தேடிப் பிடித்து, எப்சிலான் நீக்கிய சுண்டெலியில் ஒட்டவில்லை என்று காட்டவும் வேண்டும். அந்தச் சுண்டெலி நம் கையில் இல்லை. பி.ஜி. தீசிஸுக்கு இது வேண்டாம்.

செல் வளர்ப்பை ஒரு வரியில் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் கேட்பவர்கள் நிறைய. சுண்டெலித் தசையிலிருந்து வந்த சி2சி12 செல்களைத் தசைக்குழாயாக வளர்த்தால் பெரும்பாலும் காமா வகைதான் இருக்கும், நரம்பு இல்லை, வளர்ச்சி இல்லை. துண்டு துண்டாகச் செல்லில் ஏற்றி ஒவ்வொரு வகையும் எப்படி நடக்கிறது என்று பார்க்க நல்லது. எந்த நாளில் மாறுகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

பேட்ச் கிளாம்ப் பற்றி மனதார எழுதுகிறேன், ஏனென்றால் இதுவே எல்லாவற்றிலும் நேர்மையான அளவு. கண்ணாடி நுனியைச் சவ்வில் ஒட்டி ஒரே ஒரு சேனல் திறந்து மூடுவதைத் திரையில் பார்க்கலாம். ஆறாம் நாள் குட்டியில் ஒரே நுனிக்குள் இரண்டு உயரத்தில் படிக்கட்டுகள் வரும், ஒன்று சின்னதும் நீளமும், மற்றது உயரமும் குட்டையும். காமாவும் எப்சிலானும் ஒரே சவ்வில் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்வதை வேறு எந்த வழியும் இவ்வளவு கண்கூடாகக் காட்டாது. ஆனால் சந்தியில் இருக்கும் ஏற்பிகளின் மேல் நரம்பு நுனி உட்கார்ந்திருக்கிறது. கொலாஜினேஸ் நொதி போட்டு நரம்பையும் மேலே உள்ள உறையையும் நீக்கி, சவ்வு கெடாமல் சுத்தம் செய்ய வேண்டும். வளர்ந்த எலியில் பாத விரல்களை மடக்கும் குட்டைத் தசை இதற்கு நன்றாக ஒத்துழைக்கும், பிறந்த குட்டியில் அதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. சந்திக்குள் ஒரு சதுர மைக்ரானில் பத்தாயிரம் அளவில் ஏற்பிகள், அதனால் நுனிக்குள் ஒன்றுக்கு மேல் சேனல் அகப்படாமல் பிடிப்பது இன்னும் கஷ்டம். அதிர்வு இல்லாத மேசை வேண்டும். தெருவில் லாரி போனால் ஒட்டு விட்டுப்போகும் அறைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன், கடல்காற்றின் உப்பில், நுனியை நுணுக்கமாக நகர்த்தும் மைக்ரோமேனிபுலேட்டரின் திருகு இறுகிப்போய் ஒரு மாதம் காத்திருந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துச் சொல்லித்தர ஒருவர் இருந்தால் ஆறு மாதத்தில் பழகும். ஆள் இல்லை என்றால் ஒன்றரை வருஷமும் ஒட்டு வைக்கக் கற்பதிலேயே போய்விடும். பி.எச்டி. என்றால் கட்டாயம் இதையே எடுங்கள் என்பேன்.

இனி மினிகள். நரம்பைத் தூண்டாமலே ஒரு பொட்டலம் அசிட்டைல்கோலின் தானாக வெளியேறித் தசையில் உண்டாக்கும் சின்ன மின் அசைவு அது. ஃபாட்டும் காட்ஸும் 1952-இல் விரிவாக எழுதியது. நம் ஊர் உடலியல் துறைகளில் இதைப் பதியும் சாமான்கள் பழையதாக இருந்தாலும் இருக்கும், கூர் மின்முனை இழுக்கும் கருவியும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் போதும். ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தசைநாருக்குள் ஒற்றை மின்முனை குத்திப் பதிவது மின்னழுத்தம். மின்னழுத்தம் இறங்கும் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் சவ்வின் மின்தடையும் மின்கொள்ளளவும், சேனல் மூடும் வேகம் அதில் மறைந்துவிடும். குட்டியின் சவ்வில் மின்னழுத்தம் இறங்க ஆகும் நேரமே வேறு, பெரிய விலங்கினது வேறு. குட்டியில் மினி மெதுவாக இறங்குகிறது, ஆகவே காமா என்று எழுதினால் அதற்கு ஆதாரமே இல்லை. தசைநார் ஒல்லியாக இருந்ததைத்தான் நீங்கள் அளந்திருப்பீர்கள்.

தேவை மின்னோட்டம். அதற்கு இரண்டு வழி. இரண்டு மின்முனை குத்தி மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைப் பதிவது ஒன்று. வளர்ந்த தசையில் சுலபம், பத்து மைக்ரான் அளவே உள்ள குட்டி நாரில் இரண்டு முனையைக் குத்தினால் நார் பிழைக்காது. மற்றது, அகலமான நுனியுள்ள மின்முனையைச் சந்தியின் மேல் வெளியே மெல்ல அழுத்தி வைத்துப் பதிவது. நார் சேதமாகாது. பதிவின் உயரத்தை நம்ப முடியாது, ஏனென்றால் முனை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் இறங்கும் காலம் நம்பகமானது. நமக்கு வேண்டியதும் இறங்கும் காலம்தானே. ஒரு மினியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சேனல்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் திறந்து, பிறகு ஒவ்வொன்றாக மூடும். அந்த மூடல்தான் இறங்கும் கோடு. காமா மட்டும் என்றால் நீண்ட ஒரே வளைவு, எப்சிலான் மட்டும் என்றால் குட்டையான ஒரே வளைவு, நடுநாட்களில் இரண்டும் கலந்து வேகமாக ஒரு பாகமும் மெதுவாக ஒரு பாகமும். அந்த விகிதம் நாளுக்கு நாள் நகர்வதுதான் தீசிஸின் முக்கியப் படம்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பிறந்த குட்டியில் மினி வருவதே அபூர்வம், நிமிடத்துக்குச் சிலதான், வளர்ந்ததில் நொடிக்கொன்று என்ற அளவில் வரும். பொறுமையாக உட்கார வேண்டும். அசிட்டைல்கோலினை உடைக்கும் எஸ்டரேஸ் நொதி குட்டியில் இன்னும் முழுதாகச் சேராமல் இருந்தால், அசிட்டைல்கோலின் தங்கித் தங்கித் திரும்ப ஒட்டி வளைவை நீட்டிவிடும், அதையும் காமா என்று எண்ணிவிடலாம். ஒவ்வொரு வயதிலும் சில தசைகளில் அந்த நொதியைத் தடுக்கும் நியோஸ்டிக்மின் போட்டு வளைவு எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். நன்றாக நீண்டால் நொதி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அப்புறம் துடிப்பு. வளர்ந்த தசையை அசையாமல் வைக்க, தசையின் சோடியம் சேனலை அடைக்கும் சங்கு விஷமான மியூ-கோனோடாக்சின் போடுவது வழக்கம். குட்டித் தசையில் சோடியம் சேனலும் வேறு வகை, இதயத்தில் இருக்கும் அதே வகை, அதற்கு அந்த விஷம் பெரிதாகப் பிடிக்காது, சோடியம் சேனலை அடைக்கும் இன்னொரு விஷமான டெட்ரோடோடாக்சினுக்கும் லேசில் மசியாது. மினிக்கு நரம்பைத் தூண்ட வேண்டியதில்லை என்பதால் சமாளிக்கலாம், தசையை நன்றாக இழுத்து ஊசி குத்தி வையுங்கள், துடித்த இடத்தை விட்டு அடுத்த சந்திக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வெப்பநிலை. சேனல் மூடும் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு மாறும். ஒரு டிகிரி ஏறினாலே பத்து சதவீதத்துக்கு மேல். என் முதல் வருஷத்தில், குட்டிகளை ஜனவரியில் பதிந்தேன், அறை 23 டிகிரி. வளர்ந்தவற்றைக் கத்திரி வெயிலில், மே மாதத்தில் பதிந்தேன், ஏ.சி. பாதி நாள் ஓடவில்லை, தசையை வைக்கும் தொட்டியில் 31 வரை போயிருக்கிறது. காமா-எப்சிலான் மாற்றத்தால் வர வேண்டியது மூன்று நான்கு மடங்கு வேறுபாடு. வெறும் வெயிலால் மட்டுமே இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிட்டது. இரண்டும் பெருகிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு அருமையான முடிவு என்று சந்தோஷப்பட்டேன். பதிவேட்டில் தொட்டி வெப்பநிலையை நாள்தோறும் எழுதிவைத்திருந்ததால்தான் தெரிய வந்தது, அந்த வருஷத்துப் பதிவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். அந்த விலங்குகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. கடலூர், புதுச்சேரி வெயிலில் அறை வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் பெல்டியர் தட்டு வாங்குங்கள், 25 டிகிரியில் நிறுத்துங்கள், உணரியைத் தசைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அரை டிகிரி தாண்டினால் அந்தப் பதிவைச் சேர்க்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால், நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இதை வாங்குங்கள் என்பேன்.

இன்னொரு துணை வழி விஷங்கள், இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் சேர்க்கிறேன். வாக்லர் குழிவிரியனின் விஷத்தில் வாக்லரின்-1 என்று ஒரு சின்னப் பெப்டைடு. சுண்டெலியில் எப்சிலான் உள்ள ஏற்பியைத் தடுக்கும், காமா உள்ளதை விட்டுவிடும். சுண்டெலியில் மட்டும்தான் இவ்வளவு கூர்மை, பெரிய எலியில் முயன்று நேரம் வீணாக்காதீர்கள். எதிர்ப்பக்கம், கோனஸ் சங்கு ஒன்றின் விஷத்தில் காமா வகையைத் தேர்ந்து தடுக்கும் கோனோடாக்சினும் உண்டு. ஆறாம் நாள் குட்டியின் ஒரு சந்தியில் முனையை நகர்த்தாமல் வைத்துக்கொண்டு, வாக்லரின் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் மினியைப் பதியுங்கள். வேகமான பாகம் போய் மெதுவான பாகம் மட்டும் நின்றால், உங்கள் வளைவுப் பிரிப்பு சரி என்று யாரும் மறுக்க முடியாது. தனியாக இதை மட்டும் நம்பித் தீசிஸ் போட முடியாது, விலையும் அதிகம். நாலைந்து சந்திகளில் சாட்சிக்கு வைத்துக்கொள்ள இதைவிட நல்லது இல்லை.

எந்தத் தசை என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, உதரவிதானம். ஒன்றரை கிராம்கூடத் தேறாத பிறந்த குட்டியின் காலில் தசையைத் தேடி எடுப்பது கொடுமை, உதரவிதானம் விலா எலும்போடு சேர்ந்து ஒரு தாளைப் போல வந்துவிடும். சந்திகள் நடுவில் ஒரு பட்டையாக வரிசையில் நிற்கும், முனை வைக்கத் தேட வேண்டாம். கண்ணை அசைக்கும் தசைகள் பக்கம் போகாதீர்கள், அங்கே வளர்ந்த விலங்கிலும் காமா தங்கியிருக்கும், அது தனிக் கதை. உதரவிதானத்தின் பெரிய வசதி, இடது வலது இரண்டு பாதி. இடது பாதியில் மினி, வலது பாதியின் நடுப்பட்டையை மட்டும் நறுக்கி ஆர்என்ஏ. ஒரே விலங்கில் உத்தரவும் வேலையும் இரண்டும் கிடைக்கும், நெறிக்குழுவிடம் கேட்கும் எண்ணிக்கையும் பாதியாகும். நறுக்கிய பட்டைக்கு வெளியே உள்ள ஓரத்தையும் கொஞ்சம் எடுத்தால், எப்சிலான் பட்டைக்குள்ளும் காமா நார் முழுக்கவும் இருப்பதைக் காட்டிவிடலாம்.

மயக்கவியல் துறை நண்பர்கள் இதில் அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. நரம்பு அறுபட்ட தசையிலும், பெரிய தீக்காயத்துக்குப் பிறகும், நெடுநாள் படுக்கையிலும் காமா திரும்ப முளைக்கும், அதுவும் சந்திக்கு வெளியே நார் நெடுக. அந்த நோயாளிக்கு, தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலின் போட்டால் நெடுநேரம் திறந்து நிற்கும் அத்தனை சேனல்கள் வழியாகவும் பொட்டாசியம் வெளியேறி இதயம் நின்றுபோகலாம். குட்டியில் எப்படிப் போகிறது என்று சரியாக அளக்கத் தெரிந்தால், நோயாளியில் எப்படித் திரும்புகிறது என்று கேட்கவும் தெரியும். நரம்பு வெட்டினால் காமா வரும், ஆனால் சந்தியில் ஒருமுறை தொடங்கிய எப்சிலான் நரம்பு போன பிறகும் நிற்காது என்பது 1990-இல் பெரிய எலியில் காட்டப்பட்டது. இந்த இரண்டு துண்டுகளும் நரம்பின் பேச்சை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

ஆக அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இதுதான். வெளியிலிருந்து பதியும் மினி மின்னோட்டம் முதன்மை. அதே விலங்கின் மறுபாதியில் ஆர்என்ஏ துணை. ஆறாம் நாளில் வாக்லரின் சாட்சி. சாயம் ஒரு படத்துக்கு மட்டும். பேட்ச் கிளாம்ப் பி.எச்டி.க்கு. பிறந்த நாள், மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, இருபத்தொன்று, அப்புறம் எட்டு வார வயது. பிறந்த நாளைப் பூஜ்யம் என்று எண்ணுகிறாயா ஒன்று என்று எண்ணுகிறாயா என்பதை முதல் பக்கத்திலேயே எழுது, கட்டுரைக்குக் கட்டுரை இது வேறுபடும், ஒரு நாள் தவறினால் ஒன்பதும் பத்தும் குழம்பும். எல்லா வயதையும் ஒரே மாதத்துக்குள் பதிய முடியாது என்றால், ஒவ்வொரு ஈற்றுக் குட்டிகளையும் வயதுகளுக்குப் பிரித்துப் போடு, ஒரு ஈற்றை முழுதாக ஒரு வயதுக்குத் தராதே.

"அப்ப பெல்டியர் முதல்லயா அக்கா?" என்றாள். ஆமாம், முதலில் அது. அது வந்து ஒரு வாரம் வெறும் தொட்டியில் ஓடட்டும், மதியம் இரண்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் ஒரே எண் காட்டுகிறதா என்று பார், அதற்குப் பிறகு சுண்டெலிகளை ஜோடி சேர்க்கலாம்.